ஷரீஃபா காட்டிய ஜோடி

கிழக்குத் தாம்பரம்,
வெள்ளிக்கிழமை காலை.

செல்லம் ஸ்ம்ருதிக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். நீயும் அனிருத்தும் அந்த டப்ளின் குளிரில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவருக்கொருவர் துணையாக நன்றாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதை ஆரம்பிக்கிறேன். ஞாயிறு தவறாமல் வீடியோவில் பேசிக்கொள்கிறோமே, இவளுக்கு எதற்கு இப்போது கடுதாசி என்று உனக்குத் தோன்றும். உன் முகம் போனில் தெரிந்தவுடன் எனக்குச் சொல்லவேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது, ரசப்பொடியில் மல்லி எவ்வளவு, மிளகு எவ்வளவு என்பதிலேயே பேச்சு முடிந்துபோகிறது. எழுதினால் நடுவில் நீ கேள்வி கேட்கமாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

வீட்டில் எல்லாம் அப்படியேதான். மோட்டார் மறுபடி மக்கர் செய்து சரியாகிவிட்டது. ராஜகீழ்ப்பாக்கம் பூராவும் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் லாரி நம் தெருவுக்குள் வருவதற்குள் பாதி ரோட்டிலேயே சிந்திவிடுகிறது. மாடிக்குப் புதிதாக ஒரு பையனும் பெண்ணும் குடி வந்திருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் ஓ.எம்.ஆர். பக்கம் வேலை, நான் கோலம் போடுவதற்குள் கிளம்பிவிடுகிறார்கள், நான் படுத்தபிறகு வருகிறார்கள், இதுவரை நான் பார்த்தது அவர்கள் செருப்பை மட்டும்தான். அப்பாவின் சாய்வு நாற்காலியை வராந்தாவிலிருந்து எடுத்து உள்ளே போட்டுவிட்டேன், வெயிலில் பிரம்பு வெடிக்கிறது. சமையல் ஒருத்திக்குத்தானே, ஒரு கிண்ணம் அரிசி இரண்டு வேளைக்கு வருகிறது.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பதறாமல் படி. போன ஆடியிலிருந்து எனக்கு டயாலிசிஸ் நடக்கிறது. ரத்தக்கொதிப்பு சத்தமில்லாமல் இரண்டு கிட்னியையும் கெடுத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார், மாத்திரையில் ஓட்டிப் பார்த்தார், முடியவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் காலையில் டயாலிசிஸ் சென்டரில் போய்ப் படுத்தால் மெஷின் ரத்தத்தைச் சுத்தம் பண்ணித் திருப்பி அனுப்பும், மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடலாம். சஹஸ்ரநாம வகுப்புக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னதெல்லாம் இதற்குத்தான். அம்மா இப்படி ஏதாவது ஒன்றில் ஈடுபாட்டோடு இருப்பது நல்லது என்று நீ சந்தோஷப்பட்டாய், அன்றைக்கு எனக்கு ராத்திரி சாதம் இறங்கவில்லை. இந்த வெயிலில் எதற்கு முழங்கை தாண்டி ரவிக்கை என்று கேட்டாயே, ஊசி போடுவதற்காக இடது கையில் ரத்தக்குழாயைத் தைத்து இணைத்திருக்கிறார்கள், அந்த இடம் கொஞ்சம் புடைத்திருக்கும், அதை மறைக்கத்தான். நீ அப்போதுதான் புது வேலையில் சேர்ந்திருந்தாய். அப்பா போனபோது ஓடிவந்து மாதக்கணக்கில் என்னோடு உட்கார்ந்து, முன்னிருந்த வேலையை விட்டவள் நீ, இன்னொரு தடவை அப்படி ஆகக் கூடாது என்று நினைத்தேன். நல்லதுக்கென்றுதான் நினைத்தேன். இந்தக் கடிதத்தையும் இங்கே சென்டரிலேயே, என் கட்டிலில் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு, மடியில் அட்டை வைத்துத்தான் எழுதுகிறேன், ஊசி இடது கையில், வலது கை சும்மாத்தானே கிடக்கிறது.

என் கட்டிலுக்கு நேர் எதிரே சுவரோரம் ஒரு பெரிய மீன்தொட்டி இருக்கிறது. நோயாளிகளுக்கு மனசு லேசாக இருக்கட்டும் என்று யாரோ வைத்தது. எங்களுக்கெல்லாம் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று கணக்கு, நாக்கு ஒட்டிக்கொண்டு கிடப்பவர்களுக்கு எதிரே அத்தனை தண்ணீர் தளும்பிக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும். முதலில் அந்தப் பக்கமே திரும்பமாட்டேன். அதில் ஆறு ஏஞ்சல் மீன்கள், வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டை, மேலும் கீழும் நீண்ட செட்டை, பக்கவாட்டில் பார்த்தால் முக்கோணம், நேரே திரும்பினால் ஒரு கோடு. யாரோடும் பேச்சில்லாமல் கூரையையே பார்த்துக்கொண்டு எத்தனை வாரம் போனதோ, ஒருநாள் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல், "அக்கா, தொட்டியப் பாத்தீங்களா, அந்த ரெண்டும் ஜோடி சேருது." அவள்தான் ஷரீஃபா. மேற்குத் தாம்பரத்தில் அத்தாவுல்லா என்று பெயிண்ட், பைப் எல்லாம் விற்கும் ஹார்டுவேர் கடைக்காரர், அவருடைய வீட்டுக்காரி. என்னைவிட நாலைந்து வயது சின்னவள், எனக்கு முன்பே அங்கே வந்தவள். அவள் பிள்ளை அசார் ஸ்கூலில் படித்த காலத்தில் ஏஞ்சல் மீன் வேண்டும் என்று அழுது வாங்கி, நாலு நாளில் அவன் மறந்துபோக, வருஷக்கணக்கில் இவள் வளர்த்திருக்கிறாள்.

எனக்கென்னவோ அது சண்டை மாதிரிதான் தெரிந்தது. இரண்டு மீன் ஒன்றின் வாயை ஒன்று கவ்விக்கொண்டு இழுக்கிறது, கொஞ்சநேரம் கழித்து விட்டுவிட்டு நேருக்கு நேர் நின்று உடம்பை நடுக்குகிறது. அடித்துக்கொள்கிறதே என்றேன். ஷரீஃபா சிரித்தாள். "சண்டைன்னா ஒண்ணு தோத்து ஓடும்க்கா. இதுங்க விட்டுட்டு மறுபடி பக்கத்துல பக்கத்துல போவுது பாருங்க. ஒண்ணோட ஒண்ணு பலம் பாத்துக்குதுங்க, அவ்ளோதான்" என்றாள். அதற்கப்புறம் எனக்கும் கண் அங்கேயே போனது. மற்ற நாலும் இஷ்டத்துக்குத் திரியும், இவை இரண்டும் எங்கே போனாலும் சேர்ந்தே போகும். ஃபில்டர் குழாய் இருக்கும் மூலையைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டு, வேறு எது அந்தப் பக்கம் வந்தாலும் துரத்தும். குழாயின் மேல் இல்லாத தூசியை வாயால் கொத்திக் கொத்தித் துடைக்கும். வீடு பெருக்குதுங்க, இனிமே முட்டைதான் என்றாள் ஷரீஃபா. இரண்டில் எது ஆண் என்று கேட்டேன். முட்டை போடும் நேரம் நெருங்கும் வரைக்கும் ஆண்டவனுக்கு மட்டும்தான் தெரியும், அப்போது வயிற்றுக்கடியில் சின்னதாகக் குழல் மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கும், ஊசியாக மெலிந்திருந்தால் ஆண், தடித்து மழுங்கலாக இருந்தால் பெண் என்றாள். பெரியது ஆண் என்று அவள், பெரியதுதான் பெண் என்று நான். தோற்றவர் ஜெயித்தவருக்கு இளநீர் வாங்கித் தரவேண்டும் என்று பந்தயம் கட்டினோம். டயாலிசிஸ்காரர்கள் இளநீரைத் தொடவே கூடாது, இரண்டு பேருக்கும் அது தெரியும், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் மெஷினில் என் பிரஷர் ஏறி அலாரம் அடித்துவிட்டது. டெபோரா என்று எங்களுடைய நர்ஸ், நாகர்கோவில் பெண், ஓடிவந்து, "ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைகளா, கட்டிலை மாத்திப் போட்டுடுவேன்" என்று மிரட்டினாள். அப்பா போனபிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இதற்கிடையில் அந்த ஜோடி துரத்தியதில் மற்றொரு மீனின் செட்டை கிழிந்து, அது தொட்டியின் மேல்மூலையில் சாய்ந்துகொண்டு நின்றது. முன்னறையில் இருக்கும் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பெரியது ரவுடி, அதைத் தூக்கிவிடு, பேஷண்டெல்லாம் பார்க்கிறார்கள் என்று தொட்டி சுத்தம் பண்ண வரும் ஏசுதாசனிடம் சொல்லிவிட்டார். அவரும் வலையை உள்ளே விட்டுவிட்டார். ஷரீஃபாவுக்கு அன்று ஜுரம், ஊசியும் குழாயுமாகப் படுத்திருந்தவள் தலையைத் தூக்கி, "அதை எடுக்காதீங்க, அது முட்டைக்கு இடம் பாத்து வெச்சிருக்கு, மத்த நாலையும் எடுங்க" என்று அந்த ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். அவள் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஏசுதாசன் வலையோடு மேனேஜரைப் பார்க்க, மேனேஜர் எங்களைப் பார்க்க, நானும், ஆமாம் சார், அதை எடுக்காதீர்கள் என்றேன். அந்தப் பக்கத்துக் கட்டில்களிலிருந்தும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். மேனேஜர் என்னவோ செய்யுங்கள் என்று போய்விட்டார். மற்ற நாலும் முன்னறைத் தொட்டிக்குப் போயின, ஜோடி மட்டும் எங்களுக்கு எதிரே நின்றது.

அடுத்த வாரம் முட்டை போட்டது. நாங்கள் இரண்டு பேரும் கண்ணாலேயே பார்த்தோம். பெரியது குழாயை ஒட்டிக் கீழிருந்து மேலே ஏறுகிறது, பின்னாலேயே வரிசையாகக் கடுகு மாதிரி முட்டை ஒட்டுகிறது, அது நகர்ந்ததும் சின்னது அதே வழியில் ஏறுகிறது. பந்தயத்தில் ஜெயித்தது நான்தான். ஆனால் அதற்கடுத்த முறை வந்து பார்க்கும்போது குழாய் சுத்தமாக இருந்தது, ஒரு முட்டை இல்லை. அதுங்களே தின்னிருக்கும் என்றாள் ஷரீஃபா. எனக்குக் கோபமே வந்தது, இதற்குத்தானா இத்தனை பாடு என்றேன். "மொதத் தடவ அப்படித்தாங்க்கா, பயந்துடுதுங்க. போற வர்றவங்க கண்ணாடியத் தட்டுறாங்க, லைட்டப் பட்டுனு அணைக்கிறாங்க, இதுங்க இன்னா பண்ணும். கொஞ்ச நாள்ல மறுபடி போடும், அப்ப கத்துக்கிடும்" என்றாள். டெபோராவைக் கெஞ்சி, நடைபாதைப் பக்கத்துக் கண்ணாடியில் சார்ட் பேப்பர் ஒட்டவைத்தாள், ஓரத்தில் ஒரு சின்ன விளக்கை அணைக்காமல் வைக்கச் சொன்னாள். மறுபடியும் முட்டை வந்தது. இந்த முறை இரண்டும் முறைபோட்டுக்கொண்டு முட்டைக்கு முன்னால் நின்று செட்டையால் விசிறிக்கொண்டே இருந்தன, கெட்டு வெளுத்துப்போனதை மட்டும் பொறுக்கி எடுத்தன. ஷரீஃபா கிளம்பும்போது தொட்டியருகே நின்று பார்த்துவிட்டு, அடுத்த தடவை வரும்போது பொரிஞ்சிருக்கும் பாருங்க என்று சொல்லிவிட்டு, அவள் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அடுத்த தடவை நான் போனபோது பொரிந்திருந்தது. குழாயில் ஒட்டியபடியே நூல் நூலாக வால் துடித்துக்கொண்டிருந்தது. ஷரீஃபாவுக்குக் காட்டலாம் என்று திரும்பினேன், அவள் கட்டிலில் விரிப்புப் போடவில்லை. சளி ஜுரமாக இருக்கும், ஷிப்ட் மாற்றி வருவாள் என்று நானே சொல்லிக்கொண்டேன். டெபோரா எனக்கு ஊசி போட்டு மெஷினைப் போட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், அவள் உட்கார்ந்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முந்தின நாள் மத்தியானம் தொழுகைக்குக் கை கால் கழுவப் போனவள் அப்படியே சரிந்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. இருதயம். அன்றைக்கு முழுக்க அந்தக் குஞ்சுகளையே பார்த்துக்கொண்டு கிடந்தேன், வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. வெளியே வந்தபோது என்னை வழக்கமாகக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரர் பொன்னுரங்கம், "இன்னாமா, மூஞ்சி ஒரு மாதிரி கீது, அந்த பாய் வூட்டம்மா வர்லியா?" என்று கேட்டார். வரவில்லை என்று மட்டும் சொன்னேன். கேம்ப் ரோடு நெரிசலில் நின்றபோதும் அவர் ஹார்ன் அடிக்கவில்லை.

அப்புறம் ஒருநாள், நான் மெஷினில் இருக்கும்போது, அசார் வந்தான். மஸ்கட்டில் வேலை, முப்பது வயசு இருக்கும், நல்ல உயரம். அவன் ப்ளைட் பிடித்து வந்து சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிட்டதாம். அம்மாவின் போர்வை, தலையணை உறை, சின்னப் பை எல்லாம் இங்கே அலமாரியில் இருந்ததை எடுத்துப் போக வந்திருந்தான். டெபோரா என்னைக் காட்டியிருக்கிறாள். கட்டிலருகே வந்து நின்று, ஆன்ட்டி, நீங்கதான் அம்மா பக்கத்துல இருந்தீங்களா என்றான். ஆமாம்ப்பா என்றேன். கையிலிருந்த பையைக் கீழே வைத்தான். அப்புறம் கேட்டான், "அம்மா இங்க என்ன பண்ணுவாங்க ஆன்ட்டி, என்ன பேசுவாங்க?" ஸ்ம்ருதி, அவனுக்கு டயாலிசிஸ் தெரியும், எல்லாம் தெரியும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேசியிருக்கிறான். எப்போது கேட்டாலும் அவள், நல்லா இருக்கேன், நீ லீவை வீணாக்காதே, பெருநாளைக்கு வந்தால் போதும் என்றே சொல்லியிருக்கிறாள். தன் அம்மா வாரத்தில் மூன்று நாள் எப்படி இருந்தாள் என்று, அதுவரை பார்த்தே அறியாத என்னிடம் வந்து நின்று கேட்கிறான்.

சொன்னேன். ரவுடி மீனைக் காப்பாற்றியது, சார்ட் பேப்பர், பந்தயம், எல்லாம். அவன் தொட்டிக்கு முன்னால் போய்க் குனிந்து நின்றான். அப்போது குஞ்செல்லாம் குழாயை விட்டு நீந்த ஆரம்பித்திருந்தன, ஊதினால் கலைகிற மாதிரி ஒரு சின்னக் கூட்டம், முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாகத் தாயும் தகப்பனும். இதில் எது ஆண் என்று கேட்டான். சின்னது, உன் அம்மா பெரியது என்று சொல்லித் தோற்றுப்போனாள், எனக்கு ஒரு இளநீர் பாக்கி என்றேன். சிரித்தான், சிரித்துக்கொண்டே இருந்தவன் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். "மீனைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல ஆன்ட்டி" என்றான். நீ சின்ன வயசில் அழுது வாங்கிய மீனைப் பற்றி எங்களிடம் எவ்வளவோ தடவை சொல்லியிருக்கிறாளே என்றேன். கிளம்புவான் என்று பார்த்தேன், உங்களுக்கு முடியற வரைக்கும் உட்காரட்டுமா என்று கேட்டுவிட்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். இரண்டு பேரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாக் கட்டிலுக்கும் பக்கத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார்கள், இத்தனை நாளில் என் பக்கத்தில் ஒருவர் அப்படி உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஒருவருடைய மூச்சு பக்கத்தில் கேட்பது இவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது, அல்லது தெரியாதவள் மாதிரி இருந்துவிட்டேன்.

குஞ்சுகளில் பாதிக்கு மேல் போய்விட்டன, மிச்சத்தை ஏசுதாசன் தனித்தொட்டிக்கு மாற்றிவிட்டார், அதற்கெல்லாம் இப்போது சின்னதாகச் செட்டை முளைத்திருக்கிறது. ஜோடி மறுபடி குழாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. ஷரீஃபா கட்டிலுக்குப் புதிதாக ஒரு காலேஜ் வாத்தியார் வருகிறார், காட்டாங்குளத்தூரிலிருந்து, நல்ல மனுஷர்தான், காதில் ஏதோ மாட்டிக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருப்பார். அதோ துடைக்கிறது பாருங்கள் என்று ஒருநாள் சொன்னேன், காதில் விழவில்லை, இன்னொரு தடவை சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

எல்லாம் சரியாக நடக்கிறது, நீ கவலைப்படாதே, வேலையை விட்டுவிட்டு ஓடிவராதே என்று எழுதத்தான் அட்டையை மடியில் எடுத்து வைத்தேன். மூன்று பக்கம் எழுதியும் அந்த வரி வரவில்லை. ஷரீஃபா அசாருக்குச் சொன்னதும் அதுதானே. அந்தப் பிள்ளை நின்ற மாதிரி நீ ஒருநாள் இங்கே வந்து, டெபோராவிடமோ அந்த வாத்தியாரிடமோ, என் அம்மா இங்கே என்ன பண்ணுவாள் என்று கேட்கக் கூடாது. கிட்னி தருகிறேன், ரிப்போர்ட் அனுப்பு என்று ஆரம்பிக்காதே, நான் உன்னை வரச் சொல்வது அதற்காக இல்லை, அந்தப் பேச்சை டாக்டர் முன்னால் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். வேலையை விடவும் வேண்டாம். லீவு கிடைக்கிற நாளைக்கு வா. காலையில் என்னோடு பொன்னுரங்கம் ஆட்டோவில் ஏறி வந்து, இந்த ஸ்டூலில், மெஷின் நிற்கும்வரை உட்கார். எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை, ஸ்ம்ருதி. வா.

அனிருத்துக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல், அவனிடம் இந்தக் கடிதத்தை மறைக்காமல் காட்டு. குலதெய்வம் உங்கள் இரண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்துக்காக்கட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். படித்து முடித்த கையோடு எனக்குப் போன் பண்ணாதே. அழவேண்டியதை அழுது, முகம் கழுவி, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அப்புறம் பண்ணு. எத்தனை நேரமானாலும் நான் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
அபிதகுஜாம்பாள்